உங்களுக்குத் தெரியுமா? ‘ஸ்டாக் இல்லை’ என்றால்…

“அது ஸ்டாக் இல்லீங்க, இதுவும் அதே மருந்துதான், கம்பெனிதான் வேற” என்று கடைக்காரர் வேறொரு அட்டையைக் கத்தரிக்கத் தொடங்கினால், தாராளமாக நிறுத்தச் சொல்லலாம். இந்தியாவின் மருந்து விதிகள் (1945) இதில் மிகக் கறார். ‘ஆர்எக்ஸ்’ குறியிட்ட அட்டவணை எச் மருந்துகளில், மருத்துவர் எழுதியதற்குப் பதிலாக வேறொன்றைக் கடையே மாற்றித் தரக்கூடாது. உள்ளே இருப்பது அதே வேதிப்பொருளாக இருந்தாலும் கூடாது. மருத்துவருக்குப் போன் போடுங்கள், அவர் மாற்றி எழுதித் தரட்டும். முக்கியமாக, வலிப்பு மாத்திரை சாப்பிடுபவர்கள் இதை விட்டுக்கொடுக்கவே வேண்டாம்.

தயாரிப்பாளரும் நினைத்தபடி கையை விரிக்க முடியாது. விலைக் கட்டுப்பாட்டுப் பட்டியலிலுள்ள மருந்தின் உற்பத்தியை நிறுத்த, 6 மாதம் முன்பே பொது அறிவிப்பு தரவேண்டும் என்கிறது 2013ஆம் ஆண்டின் மருந்து விலைக் கட்டுப்பாட்டு ஆணை. தேவைப்பட்டால், மேலும் ஓராண்டு வரை தயாரிக்கும்படி அரசு உத்தரவிடலாம். கையிருப்பை வைத்துக்கொண்டே தக்க காரணமின்றி விற்க மறுப்பதும் இதே ஆணைப்படி தவறு.

எங்கு தேடியும் கிடைக்கவில்லையா? தேசிய மருந்து விலை நிர்ணய ஆணையத்திடம் புகார் செய்யலாம். மருந்தின் பெயர், எத்தனை மில்லிகிராம், எந்தெந்தக் கடைகளில் கேட்டீர்கள் என்பதையெல்லாம் சீட்டின் பின்பக்கமே குறித்து வைத்துக்கொள்ளுங்கள்.