மூணு லட்சம் கிலோமீட்டர் ஓடிய வண்டி

(‘வயதான காரைப் பழுது பார்த்து ஓட்டுவதா, மாற்றிவிடுவதா?’ என்ற தலைப்பில் உத்திரமேரூரில் நடந்த பட்டிமன்றத்தில், ‘பழுது பார்த்து ஓட்டுவதே’ என்ற அணியில் பேசியது)

பெருமதிப்பிற்குரிய நடுவர் அவர்களே! எதிரில் உட்கார்ந்து என்னை முறைத்துக்கொண்டிருக்கும் நண்பர்களே! ராத்திரி பத்து மணி ஆகியும் கொட்டாவி விடாமல் உட்கார்ந்திருக்கும் உத்திரமேரூர்ப் பெரியோர்களே, தாய்மார்களே!

எனக்கு முன்னால் பேசிய எதிரணிச் சகோதரி ஒரு போடு போட்டாங்க. “உங்க ஊர் வைகுண்டப் பெருமாள் கோயில் கல்வெட்டைப் போய்ப் பாருங்க. பராந்தக சோழன் காலத்துல, 921-லேயே எழுதி வச்சிருக்கான். குடவோலையில பேர் எழுதணும்னா 35 வயசுக்கு மேல, 70 வயசுக்குக் கீழ இருக்கணும். மனுஷனுக்கே வயசு வரம்பு இருக்கும்போது காருக்கு வேண்டாமா?”ன்னு கேட்டாங்க. நீங்களும் கை தட்டினீங்க. நானே தட்டிட்டேன். (சிரிப்பு)

ஆனா அம்மா, நீங்க கல்வெட்டைப் பாதி படிச்சுட்டு பஸ் பிடிச்சு வந்துட்டீங்க. (சிரிப்பு) அதே கல்வெட்டுல அடுத்து என்ன இருக்கு? வாரியத்துல இருந்துட்டுக் கணக்குக் காட்டாதவன் நிக்க முடியாது. அவன் மட்டுமா? அவனோட சொந்தக்காரங்களும் நிக்க முடியாது! (கைதட்டல்) வயசைச் சொன்னவன் கணக்கையும் சொல்லியிருக்கான். நான் அந்தக் கணக்கைத்தான் பேச வந்திருக்கேன்.

இன்னொண்ணு. இந்த ஊர்ல ஏரி வாரியம்னு ஒண்ணு இருந்தது, ஆறு பேர். அவங்க வேலை என்ன? வயிரமேக தடாகம்னு கல்வெட்டுல பேர் வர்ற ஏரியைப் பாத்துக்கிறது. பல்லவர் காலத்து ஏரி. ‘ஏரி பழசாயிடுச்சு, எக்ஸ்சேஞ்ச் ஆஃபர்ல புது ஏரி வாங்கலாம்’னு யாராவது சொன்னாங்களா? (பலத்த சிரிப்பு) தூர் வாரினாங்க, கரையைக் கட்டினாங்க, மதகைச் சரி பண்ணினாங்க. பழுது பார்க்கிறது இந்த ஊருக்குப் புதுசு இல்லீங்க.

சரி, காருக்கு வர்றேன். எங்க அப்பா பள்ளிக்கூட வாத்தியார். 2009-ல ஒரு பழைய கார் வாங்கினார். 2004 மாடல், எழுபதாயிரம் கிலோமீட்டர் ஓடினது. கம்பெனி பேர் சொல்ல மாட்டேன், சொன்னா டி.வி.காரங்க வெட்டிடுவாங்க. (சிரிப்பு) எங்க அம்மாவுக்குச் சிறுநீரகம் கெட்டுப்போய், வாரம் ரெண்டு நாள் செங்கல்பட்டு போய் டயாலிசிஸ் பண்ணணும். போக வர அறுபது கிலோமீட்டருக்கு மேல. பஸ்ஸுல போயிடலாம். ஆனா டயாலிசிஸ் முடிஞ்சு வெளியே வர்ற ஆளைப் பார்த்திருக்கீங்களா? பிழிஞ்சு போட்ட துணி மாதிரி வருவாங்க. அவங்களை பஸ் ஸ்டாண்டுல நிக்க வைக்க முடியாது.

2017-ல ஒரு நாள் திரும்பி வரும்போது சூடு முள் மேல ஏறிடுச்சு. பானட்டுல புகை. அப்பா ஓரங்கட்டி நிறுத்தினார். மதியம் ரெண்டு மணி வெயில், புளியமரத்து அடியில அம்மா ஒண்ணேகால் மணி நேரம் உட்கார்ந்திருந்தாங்க. மீட்டர்ல அன்னைக்கு 2,40,000 கிலோமீட்டர்.

வண்டியைக் கட்டி இழுத்துட்டுப் போனோம். மெக்கானிக் பாய் எங்க அப்பாகிட்ட படிச்சவர். டிப்ஸ்டிக்கை இழுத்தார், ஆயில் பால் காபி மாதிரி இருக்கு. “ஹெட் கேஸ்கட் போச்சு சார். தண்ணி ஆயில்ல கலந்துடுச்சு. ஹெட்டைக் கழட்டி லேத்துக்குக் கொடுக்கணும். ரேடியேட்டர், வாட்டர் பம்ப், கிளட்ச் பிளேட்டு எல்லாம் சேர்த்து நாப்பத்தெட்டாயிரம். வண்டியை இப்படியே வித்தா அறுபதாயிரம் வரும். அப்புறம் உங்க இஷ்டம் சார்.”

இங்கதான் எதிரணித் தலைவர் சொன்ன சூத்திரம் வருது. ‘வண்டி விலையில பாதிக்கு மேல ரிப்பேர் செலவு போனா தலை முழுகிடு’ன்னார். எல்லாரும் சொல்றதுதான். நான் கேக்குறேன், வண்டி விலைக்கும் ரிப்பேருக்கும் என்ன சம்பந்தம்? நான் என்ன விக்கவா போறேன்? ஓட்டப் போறேன்! வண்டியை விட்டா அதுக்குப் பதிலா நான் என்ன செலவு பண்ணணும்? ரிப்பேர் செலவை அதோடதானே ஒப்பிடணும்?

வாங்க, கணக்குப் போடுவோம். நோட்டு இருக்கிறவங்க எழுதிக்குங்க. ஏழு லட்சத்துக்குப் புது கார். சின்ன கார்களுக்கு 2025 செப்டம்பர் 22-லேர்ந்து ஜி.எஸ்.டி. 18 சதவீதம்னு குறைச்சதுக்கு அப்புறம் உள்ள விலைன்னே வச்சுக்குங்க. ஒன்றரை லட்சம் கையிலேர்ந்து. அஞ்சரை லட்சம் கடன், ஒன்பதரை சதவீத வட்டி, அஞ்சு வருஷம். மாசம் ஏறக்குறைய 11,550. அறுபது மாசத்துக்கு 6,93,000. முன்பணமும் சேர்த்தா 8,43,000. அஞ்சு வருஷம் கழிச்சு அதோட மதிப்பு என்ன? இன்சூரன்ஸ்காரங்க போடுற தேய்மானத்தைப் பாருங்க. முதல் ஆறு மாசத்துலயே 5, ஒரு வருஷத்துக்குள்ள 15, அஞ்சாவது வருஷம் 50 சதவீதம். ஏழு லட்சம் மூணரை லட்சம் ஆயிடுது. ஆக, அஞ்சு வருஷத்துல கரைஞ்சது 4,93,000. வருஷத்துக்கு ஒரு லட்சம்! பெட்ரோல் போடலை, இன்சூரன்ஸ் கட்டலை, வாசல்ல நிக்கிற செலவு மட்டும்! (கைதட்டல்)

இப்ப இந்த நோட்டைப் பாருங்க. (கையில் உள்ள நோட்டைக் காட்டுகிறார்) எங்க அப்பா எழுதினது. அந்த நாப்பத்தெட்டாயிரத்தைக் கொடுத்து வண்டியை எடுத்த நாள்லேர்ந்து, 2024 வரைக்கும் ஏழு வருஷம். டயர், பேட்டரி, பிரேக், சஸ்பென்ஷன் புஷ், வைப்பர் ரப்பர் வரைக்கும் எழுதியிருக்கார். மொத்தம் 2,10,000. வருஷத்துக்கு முப்பதாயிரம். அன்னைக்குப் புது கார் விலை குறைவு, வருஷத்துக்கு எழுபதாயிரம்தான் கரைஞ்சிருக்கும்னு வச்சாலும் நாங்க பாதிகூடச் செலவு பண்ணலை. அந்த வருஷம் என் தங்கச்சி நர்சிங் சேர்ந்தா. மாசத் தவணை கட்டியிருந்தா அவ ஃபீஸ் கட்ட முடியாது. அவ்வளவுதான் விஷயம்.

“காசு சரி, நடுவழியில நின்னா?”ன்னு கேப்பீங்க. நியாயமான கேள்வி. அந்தப் புளியமரத்தை நாங்க மறக்கலை. அப்பா என்ன பண்ணினார்னா, உடைஞ்சதுக்கு அப்புறம் மாத்துற பழக்கத்தை விட்டார். ரேடியேட்டர் ஹோஸ் வெடிக்கிறதுக்கு முன்னாடி மாத்தினார். ஃபேன் பெல்ட் ஒண்ணு டிக்கியில எப்பவும் இருக்கும். அஞ்சாயிரம் கிலோமீட்டருக்கு ஒரு தடவை ஆயில். டயாலிசிஸுக்கு முந்தின நாள் சாயங்காலம் தண்ணி, ஆயில், டயர் காத்து மூணும் பார்ப்பார். அதுக்கு மேல ஒரு ஆட்டோக்காரர் நம்பர் சட்டைப் பையில. ஏழு வருஷத்துல ரெண்டு தடவை நின்னுது. ரெண்டு தடவையும் அம்மா வண்டியில இல்லை.

அதுக்காக எல்லாப் பழைய வண்டியையும் கட்டிக்கிட்டு அழுங்கன்னு நான் சொல்லலை. ஸ்பேனர் போட்டுக் கழட்டி மாட்டக்கூடிய எதுவும் நோய்தான், சாவு இல்லை. கிளட்ச், கியர் பாக்ஸ், ஸ்டீயரிங் ராடு, ஏன், இன்ஜினே கூட! புகையைப் பாருங்க. கறுப்புன்னா எரிபொருள் அதிகமாப் போகுது, சின்ன வேலை. இன்ஜின் சூடான பிறகும் வெள்ளையா வந்துகிட்டே இருந்தா தண்ணி உள்ளே போகுது, எங்க கதை. நீலம்னா ஆயில் எரியுது. அப்ப கம்ப்ரெஷன் பார்க்கச் சொல்லுங்க. ரிங் தேஞ்சிருந்தா செலவு பெருசு, உட்கார்ந்து யோசிக்கணும். எத்தனால் 20 சதவீதம் கலந்த பெட்ரோல் வந்த பிறகு, சில பழைய வண்டிகள்ல ரப்பர் பாகங்களை மாத்த வேண்டியிருக்கும்னு அரசாங்கமே சொல்லியிருக்கு. அதையும் கேட்டுக்குங்க.

உதிரி பாகம் கிடைக்குமான்னு முதல்லயே விசாரிக்கணும். அம்பாசடர் உற்பத்தி 2014-ல நின்னு போச்சு. ஆனா அது எந்த ஊர் மெக்கானிக்கும் கண்ணை மூடிக்கிட்டுப் பிரிச்ச வண்டி. இன்னைக்கு வண்டிக்குள்ள கம்ப்யூட்டர் இருக்கு. பக்கத்துல மறைமலை நகர்ல ஃபோர்டு கம்பெனி 2021 செப்டம்பர்ல அறிவிச்சு, 2022-ல கார் உற்பத்தியை நிறுத்தினாங்க. பாகமும் சர்வீசும் தொடரும்னு அப்பவே சொன்னாங்க. இருந்தாலும், தயாரிப்பு நின்ன வண்டிக்குப் பெரிய வேலை பார்க்கிறதுக்கு முன்னாடி, அந்தக் குறிப்பிட்ட பாகம் எத்தனை நாள்ல வரும்னு கேக்காம காசு கொடுக்காதீங்க.

ஆர்.சி.யும் ஒரு செலவு. சொந்தக் காருக்குப் பதினஞ்சு வருஷம், அப்புறம் அஞ்சஞ்சு வருஷமாப் புதுப்பிக்கணும். 2019-ல எங்களுக்குக் கட்டணம் 600 ரூபாய். 2022 ஏப்ரல் 1-லேர்ந்து அதை 5,000 ஆக்கிட்டாங்க. பசுமை வரி தனி.

எதிரணி சொன்னதுல எனக்குப் பதில் இல்லாத ஒண்ணு இருக்கு. ஒத்துக்கிறேன். ஏர்பேக்கும் ஏ.பி.எஸ்.ஸும். 2019-லேர்ந்துதான் இது ரெண்டும் புது கார்கள்ல கட்டாயம் ஆச்சு, அதுவும் டிரைவருக்கு மட்டும்தான் ஏர்பேக். எங்க 2004 வண்டியில ஒண்ணும் கிடையாது. தினமும் குழந்தைகளை வச்சுக்கிட்டு திருச்சி ரோட்டுல நூறுல போறவருக்கு நான் ‘ரிப்பேர் பண்ணுங்க’ன்னு சொல்ல மாட்டேன். எங்க அப்பா நாப்பதைத் தாண்ட மாட்டார். பின்னாடி வர்றவன் ஹாரன் அடிச்சே காது போயிடும். (சிரிப்பு)

2022-ல அம்மா போயிட்டாங்க.

2024-ல ரெண்டாவது தடவை எஃப்.சி.க்கு வண்டியைத் தயார் பண்ணப் போனோம். மீட்டர்ல 3,14,000 சொச்சம். இன்ஜின் அருமையா ஓடுது. பாய் வண்டியை மேலே தூக்கினார். டார்ச் அடிச்சுப் பார்த்தவர் பேசவே இல்லை. ஒரு ஸ்க்ரூடிரைவரை எடுத்து, முன் இடது சீட்டுக்குக் கீழே தகட்டுல லேசாக் குத்தினார். பிஸ்கட் மாதிரி உள்ளே போயிடுச்சு. அங்கேருந்து சஸ்பென்ஷன் பிடிக்கிற இடம் வரைக்கும் துரு. எங்களுக்கு முன்னாடி வச்சிருந்தவர் எப்பவோ அடிவாங்கினதை மேலே பட்டி பார்த்துப் பெயின்ட் அடிச்சு வித்திருக்கார். பட்டிமன்றம் இல்லீங்க, பட்டி! (சிரிப்பு) மழைத் தண்ணி இத்தனை வருஷமா அந்தப் பட்டிக்குப் பின்னாடி வேலை பார்த்திருக்கு.

“வெல்டிங் வைக்கலாமே”ன்னார் அப்பா. “வைக்கலாம் சார். பிடிக்கிறதுக்கு நல்ல தகடு வேணும். எங்க வைக்கிறது?”ன்னார் பாய். அப்பா திரும்பி என்னைப் பார்த்தார். இடது சீட்டு அம்மா உட்கார்ந்து வந்த சீட்டு. ‘பழுது பார்த்து ஓட்டுவதே’ன்னு ஊர் ஊரா மேடையில பேசுற நான்தான் அன்னைக்குச் சொன்னேன், “அப்பா, போதும்ப்பா. இதை விட்டுடலாம்.” அவர் அன்னைக்கு ராத்திரி வரைக்கும் என்னோட பேசலை.

அப்புறமும் நாங்க புது கார் வாங்கலை! எதிரணி சந்தோஷப்படாதீங்க. (சிரிப்பு) அஞ்சு வருஷம் ஓடின, ரெண்டு ஏர்பேக் உள்ள வண்டியைப் பாதி விலைக்கு எடுத்தோம். மீதிப் பாதியை முதல் சொந்தக்காரர் கட்டிட்டார், அவர் நல்லா இருக்கணும். வாங்குறதுக்கு முன்னாடி இந்தத் தடவை மேலே தூக்கி, அடியில குத்திப் பார்த்தோம். 2015 டிசம்பர் வெள்ளத்துல முடிச்சூர்ப் பக்கம் மூழ்கின வண்டிங்க கழுவித் துடைச்சு விலைக்கு வந்ததை நாங்க மறக்கலை. அதனால கார்ப்பெட்டைத் தூக்கிச் சேறு இருக்கா, சீட் பெல்ட்டை முழுசா இழுத்துக் கறை இருக்கான்னும் பார்த்தோம்.

பழைய வண்டியை உடைக்கிறவர் வந்து எடுத்துட்டுப் போனார். அப்பா சீட்டைத் துடைச்சுக் கொடுத்தார். நோட்டை மட்டும் தரலை. புது நோட்டு வாங்கலாம்னேன். “இதுலயே இன்னும் முப்பது பக்கம் இருக்குடா”ன்னு சொல்லிட்டு, ஒரு கோடு போட்டு அதுக்குக் கீழேயே புது வண்டிக் கணக்கை ஆரம்பிச்சிருக்கார். முதல் வரி, ‘காற்று, நான்கு டயர், 40 ரூபாய்.’

நடுவர் மணியில கை வச்சுட்டார். (கைதட்டல்)