குலையை வெட்டுமுன் வண்டியைப் பேசுங்கள்

ஓணத்துக்கு முந்தைய வாரம் மார்த்தாண்டம் சந்தைப் பக்கம் போனவர்களுக்குத் தெரியும். ஏத்தங்குலைக்கு விலை கேட்பவர்கள் ஒரு பக்கம் என்றால், வண்டி கேட்டு அலைபவர்கள் மறுபக்கம். பத்து மாதம் தண்ணீர் பாய்ச்சி, முட்டுக் கொடுத்து, காற்றுக்குத் தப்பவைத்த குலையின் விலை, கடைசி ஒரு ராத்திரியில் வண்டி வருவதையும் வராததையும் பொறுத்துப் போய்விடுகிறது. நம்மவர்கள் உரத்துக்குக் கணக்கு எழுதுகிறார்கள், கூலிக்குக் கணக்கு எழுதுகிறார்கள். வண்டி வாடகையை மட்டும் "வியாபாரி பார்த்துக்கொள்வார்" என்று விட்டுவிடுகிறார்கள். பார்த்துக்கொள்வது உண்மைதான். அதை நம் விலையில் கழித்துக்கொண்டுதான் பார்த்துக்கொள்கிறார்.

இதில் எனக்கும் பட்ட அனுபவம் உண்டு. சில ஆண்டுகளுக்கு முன் ஓணச் சமயத்தில் காலையிலேயே அறுபது குலையை வெட்டிப் போட்டுவிட்டுக் காத்திருந்தேன். மத்தியானம் வருவதாகச் சொன்ன வண்டி மறுநாள் மாலைதான் வந்தது. "அண்ணாச்சி, கல்லு லோடு வண்டிக்குப் பின்னால மாட்டிக்கிட்டேன்" என்றார் டிரைவர். திருவனந்தபுரம் சாலைச் சந்தையில் சரக்கு இறங்கும்போது திருவோணம் கழிந்துவிட்டது. கிடைத்த விலையைச் சொல்ல இன்னும் மனம் வரவில்லை. தவறு டிரைவருடையது மட்டுமல்ல. வண்டி வந்து நிற்குமுன் வெட்டியது நான்தான்.

வெட்டிய குலையும் மூச்சு விடுகிறது. குவித்துப் போட்டால் உள்ளே சூடு ஏறும்; ஒன்று பழுத்தால் அதிலிருந்து வரும் வாயு பக்கத்துக் காயையும் பழுக்கவைக்கும். ஆகவே எந்த ஊருக்குப் போகிறது, எத்தனை மணி நேரத்தில் சேரும் என்பது தெரிந்த பிறகே வெட்டும் பருவத்தை முடிவு செய்யவேண்டும். நாகர்கோவிலிலிருந்து எழுபது கிலோ மீட்டருக்குள் இருக்கும் திருவனந்தபுரத்துக்கு நன்றாக முற்றிய குலையை அனுப்பலாம். எழுநூறு கிலோ மீட்டர் தள்ளியுள்ள சென்னைக்கானால், காயின் விளிம்பு முழுவதும் உருண்டு போகுமுன், முக்கால் பருவத்திலேயே வெட்டிவிடுவது நல்லது. மட்டிக்கு இன்னும் கூடுதல் கவனம் வேண்டும். 2023-ல் புவிசார் குறியீடு பெற்ற பழம் என்பதற்காக லாரிக்காரர் மெதுவாக இறக்கப்போவதில்லை. அதன் மெல்லிய தோல் சிராய்ப்பைத் தாங்காது.

வாடகைக் கணக்கைப் பார்ப்போம். பேச்சுக்கு, ஒரு மினி லாரிக்கு 3,000 ரூபாய் வாடகை என்றும், குலை ஒன்று 12 கிலோ என்றும் வைத்துக்கொள்ளுங்கள். 120 குலை ஏற்றினால் குலைக்கு 25 ரூபாய், அதாவது கிலோவுக்கு 2 ரூபாய்க்குச் சற்று மேல். அதே வண்டியில் உங்களுடைய 40 குலை மட்டும் போனால் குலைக்கு 75 ரூபாய், கிலோவுக்கு 6 ரூபாய்க்கு மேல். பக்கத்து வயல்காரர் இரண்டு பேரோடு ஒரே நாளில் வெட்டுவதென்று பேசி வைத்தால் கிலோவுக்கு நாலு ரூபாய் மிச்சம். நமக்குள் இருக்கும் வரப்புச் சண்டையால் இந்த நாலு ரூபாய் வருஷந்தோறும் வண்டிக்குப் போகிறது! தோவாளைப் பூ வியாபாரத்தைப் பாருங்கள். விடிவதற்குள் பலர் தோட்டத்துப் பூவும் ஒன்றாகச் சேர்ந்து வண்டி ஏறுகிறது. பூ ஒரு நாள் தாங்காது என்ற பயம் அந்த ஒழுங்கைக் கொண்டுவந்தது. வாழை இரண்டு நாள் தாங்கும் என்ற தைரியம்தான் நம்மைக் கெடுக்கிறது.

கேரளத்திலிருந்து இங்கே சரக்கு இறக்கிவிட்டு வெறுமனே திரும்பும் வண்டிகளும் உண்டு. புக்கிங் ஆபீசில் முந்தின நாளே சொல்லி வைத்தால் ரிட்டன் லோடாகக் குறைந்த வாடகைக்குக் கிடைக்கும். ஆனால் குளச்சலிலும் தேங்காய்ப்பட்டணத்திலும் மீன் ஏற்றி வந்த வண்டியை, மலிவு என்பதற்காகக் கழுவாமல் பிடிக்காதீர்கள். வாடை ஒருபுறமிருக்க, மிச்சமிருக்கும் ஐஸ் பட்டால் காயின் தோல் கறுத்துவிடும். வண்டியின் அடியிலும் பக்கங்களிலும் காய்ந்த வாழைச்சருகு பரப்பி, காற்றுப் போக இடம் விட்டு அடுக்கச் சொல்லுங்கள். இன்னும் பத்துக் குலை ஏறும் என்று திணிப்பது நஷ்டம். அளவுக்கு மீறி பாரம் ஏற்றினால், 2019-ல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டப்படி 20,000 ரூபாய் அபராதம். கூடுதல் டன் ஒவ்வொன்றுக்கும் மேலும் 2,000.

களியக்காவிளையைத் தாண்டுவதில் வரி பயம் வேண்டாம். வாழைக்குலைக்கு ஜி.எஸ்.டி. கிடையாது, ஈ-வே பில்லும் தேவையில்லை. சுமையுடன் சேர்த்து மொத்த எடை 3,000 கிலோவுக்கு மேற்பட்ட வண்டியானால் எல்லை தாண்ட பர்மிட் இருக்கிறதா என்று மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள். அங்கே வேலை செய்யாமலே கேட்கப்பட்டு வந்த நோக்குகூலியைக் கேரள அரசு 2018 மே முதல் தேதியிலிருந்து ஒழித்துவிட்டது. இறக்குகூலி வேறு, அதை யார் கொடுப்பது என்று முன்கூட்டியே பேசிவிடவேண்டும்.

நம்மவர்கள் அதிகம் ஏமாறுவது சீட்டில்தான். பலருடைய சரக்கையும் ஏற்றும் லாரி சர்வீஸ்காரர், 2007-ம் ஆண்டு சாலைவழிச் சரக்குப் போக்குவரத்துச் சட்டப்படி, சரக்குக்கு ரசீது தரவேண்டும். குலை எண்ணிக்கை, எடை, மதிப்பு மூன்றும் எழுத்தில் இருக்கட்டும். சரக்கு கெட்டாலோ தொலைந்தாலோ, சாதாரணமாக அவர் பொறுப்பு வாடகையைப் போல் பத்து மடங்கு வரைதான். மேலே சொன்ன கணக்கில் 40 குலைக்கு வாடகை 1,000 என்றால், கிடைக்கக்கூடியது அதிகபட்சம் 10,000. கிலோ 40 ரூபாய் வீதம் சரக்கின் மதிப்போ 19,200. முழு மதிப்புக்கும் பாதுகாப்பு வேண்டுமானால், ஏற்றும்போதே மதிப்பைச் சொல்லி, கூடுதல் வாடகை பேசி எழுதி வாங்கவேண்டும். பிறகு வாயால் சொல்லிப் பயனில்லை. வழக்குக்குப் போவதானால் புக் செய்த நாளிலிருந்து 180 நாட்களுக்குள் எழுத்தில் நோட்டீஸ் கொடுத்திருக்கவேண்டும். முழு வண்டியைப் பேசி எடுப்பவர்களும் வண்டி எண், டிரைவர் பெயர், புறப்பட்ட நேரம் மூன்றையும் ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதி, டிரைவரிடம் கையெழுத்து வாங்கிவிட்டு, அதன் பிறகு அரிவாளை எடுங்கள்.