400 ரூபாய் சம்பளத்தில் ஆரம்பித்து ஐபிஓ வரை: க்விக் ஹீல் கைலாஷ் கட்கர்

உங்க வீட்டு பழைய கம்ப்யூட்டரில் க்விக் ஹீல் ஆன்டிவைரஸ் இருந்திருக்கலாம். அந்த புனே நிறுவனத்தை ஆரம்பித்த கைலாஷ் கட்கர் பத்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவர். 1980களில் ஒரு கால்குலேட்டர் ரிப்பேர் கடையில் வேலை, மாசம் 400 ரூபாய் சம்பளம்.

வங்கிகளுக்குள் கம்ப்யூட்டர் வருவதைப் பார்த்ததும், அதையும் ரிப்பேர் பண்ணக் கத்துக்கிட்டார். 1990இல் சுமார் 15,000 ரூபாய் போட்டு சொந்தக் கடை. தம்பி சஞ்சயை கம்ப்யூட்டர் படிக்கச் சொன்னார். ரிப்பேருக்கு வந்த மெஷின்களில் வைரஸ் தொல்லை. அதை நீக்க சஞ்சய் எழுதிய புரோகிராம்கள்தான் 1990களின் நடுவில் க்விக் ஹீல் ஆச்சு. வெளி முதலீட்டாளரான செக்கோயா 60 கோடியோடு உள்ளே வந்தது 2010இல்தான். அதுவரை ரிப்பேர் வருமானமும் ஆன்டிவைரஸ் விற்பனையும்தான் சோறு போட்டன. எனக்கு இந்தக் கதையில் ரொம்பப் பிடிச்ச இடம் இதுதான்.

சரி, இவ்வளவு நல்ல கதை. பங்கை வாங்கியிருக்கலாமா?

2016 பிப்ரவரியில் ஐபிஓ வந்தது. ஒரு பங்கு 321 ரூபாய். லிஸ்ட் ஆன முதல் நாளே விலையில் ஐந்தில் ஒரு பங்கு காலி. 50 பங்குக்கு 16,050 ரூபாய் போட்டவர், அன்னைக்குச் சாயங்காலமே சுமார் 3,200 ரூபாய் நஷ்டத்தில் இருந்தார். அந்த மாசம் சந்தையே பலவீனமா இருந்தது, அதனால் ஒரு நாள் விலையை மட்டும் வெச்சு தீர்ப்பு சொல்ல மாட்டேன்.

ஆனா ரெண்டு விஷயம் முன்கூட்டியே தெரிஞ்சிருந்தது. ஒண்ணு, வருமானத்தில் பெரும்பகுதி வீட்டு கம்ப்யூட்டர் ஆன்டிவைரஸிலிருந்து. 2012இல் வந்த விண்டோஸ் 8இலேயே டிஃபெண்டர் இலவசம். ஜனங்களும் போனுக்கு மாறிக்கிட்டு இருந்தாங்க. இன்னொண்ணு, திரட்டிய சுமார் 451 கோடியில் கம்பெனிக்குள் போனது 250 கோடி. மீதி, தங்கள் பங்குகளில் கொஞ்சத்தை விற்ற கட்கர் குடும்பத்துக்கும் செக்கோயாவுக்கும். இதில் தப்பு எதுவும் இல்லை, இருபது வருஷத்துக்கு மேல் உழைச்சவர் கொஞ்சம் காசாக்கிக்கிறார், அவ்வளவுதான். ஆனா அவர் விற்கிற விலையில் வாங்குறது நீங்க.

அடுத்த ஐபிஓவுக்கு யுபிஐயில் ஓகே கொடுக்கும் முன், ப்ராஸ்பெக்டஸில் 'ஆப்ஜெக்ட்ஸ் ஆஃப் தி ஆஃபர்' பகுதியைத் திறந்து பாருங்க. ஃப்ரெஷ் இஷ்யூ எவ்வளவு, ஆஃபர் ஃபார் சேல் எவ்வளவுன்னு அங்கேயே இருக்கும். பத்து நிமிஷ வேலை.