போன பொதிக்குப் பதில் வருமா?

வேளாங்கண்ணியின் அஞ்சல் குறியீட்டு எண் 611111. 1972-ஆம் ஆண்டு நடைமுறைக்கு வந்த இந்த முறையில் ஒவ்வோர் எண்ணுக்கும் ஒரு வேலை உண்டு. முதலில் நிற்கும் 6, தமிழ்நாடும் கேரளமும் அடங்கிய தென்பகுதியைக் குறிக்கிறது. 611 என்றால் நாகப்பட்டினப் பகுதி. கடைசி மூன்று எண்கள் வேளாங்கண்ணி அஞ்சலகத்தைச் சுட்டுகின்றன. தில்லியில் தபால் பிரிப்பவருக்கு வேளாங்கண்ணிக் கடைத்தெரு தெரிய வேண்டியதில்லை. முதல் எண்களைப் பார்த்துத் தெற்கே அனுப்பினால் போதும். மிச்சத்தை அடுத்த இடத்தில் இருப்பவர் பார்த்துக்கொள்வார்.

இணையத்தில் இந்த வேலையைச் செய்யும் கருவிதான் ரூட்டர். நாம் அனுப்பும் செய்தியைக் கணிப்பொறி சிறுசிறு பொதிகளாகப் பிரிக்கிறது. ஒவ்வொரு பொதியிலும் பெறுநர் முகவரி, அனுப்புநர் முகவரி இரண்டும் இருக்கும். ரூட்டர் பெறுநர் முகவரியின் முற்பகுதியைத் தன்னிடமுள்ள வழிப்பட்டியலோடு ஒப்பிட்டு, அடுத்து யாரிடம் கொடுப்பது என முடிவு செய்கிறது. பட்டியலில் இல்லாத முகவரிகளுக்கென ஒரு பொதுவழியும் உண்டு.

இப்போது ஒரு காட்சியைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். ஆகஸ்ட் 29-இல் கொடியேற்றம். யாத்திரிகர்கள் வந்து குவியப் போகிறார்கள். ஒரு தங்கும் விடுதியின் அலுவலகத்தில் முன்னறைக் கணிப்பொறிகள் பழைய ரூட்டர் வழியாக இணையத்தோடு பேசுகின்றன. அவற்றின் முகவரிகள் 192.168.1 எனத் தொடங்குகின்றன. பழைய ரூட்டரின் முகவரி 192.168.1.1. கூட்டத்தைச் சமாளிக்கப் பின்னறையிலும் கணிப்பொறிகள் வைத்து, இடையில் ஒரு புதிய ரூட்டரைப் பொருத்துகிறார்கள். அதன் முன்பக்க முகவரி 192.168.1.2, பின்பக்க முகவரி 192.168.2.1. பின்னறைக் கணிப்பொறிகளுக்கு 192.168.2 எனத் தொடங்கும் முகவரிகள். புதிய ரூட்டரின் பொதுவழியாகப் பழைய ரூட்டரைக் காட்டியாயிற்று. கம்பிகள் சரி, விளக்குகள் எரிகின்றன. ஆனால் பின்னறைக்கு இணையம் வரவில்லை! ஏன்?

கல்லணையில் மதகைத் திறந்தால் நீர் காவிரியிலும் வெண்ணாற்றிலும் பிரிந்து கடைமடைக்கு வருகிறது. அது கல்லணைக்குத் திரும்பிப் போக வேண்டியதில்லை. செய்தி அப்படியன்று. அதற்குப் போக ஒரு வழி வேண்டும், வர ஒரு வழியும் வேண்டும்.

பின்னறையிலிருந்து புறப்பட்ட பொதி பழைய ரூட்டரை ஒழுங்காகவே அடைகிறது. பதிலை அனுப்பும்போதுதான் சிக்கல். '192.168.2' என்றொரு பகுதி இருப்பதை யாரும் பழைய ரூட்டருக்குச் சொல்லவில்லை. எனவே அது, தெரியாத முகவரிகளை அனுப்பும் பொதுவழியில், அதாவது வெளியுலகை நோக்கி, பதிலை அனுப்பிவிடுகிறது! பக்கத்து அறைக்கு வரவேண்டிய கடிதம் ஊரை விட்டே போய்விடுகிறது. அங்கும் அதை ஏற்பாரில்லை. 192.168 எனத் தொடங்கும் எண்கள், யாரும் தம் கட்டடத்துக்குள் பயன்படுத்திக்கொள்ள 1994-இல் ஒதுக்கப்பட்டவை. இணையப் பெருவழியில் செல்லுபடியாகாதவை.

தீர்வு எளிது. பழைய ரூட்டரின் வழிப்பட்டியலில் ஒரு வரி சேர்க்க வேண்டும்: '192.168.2 எனத் தொடங்குபவற்றை 192.168.1.2-இடம் கொடு.' வெளியே போகும் பொதிகளின் உள்முகவரியை நீக்கித் தன் பொது முகவரியை இடுவதும் பழைய ரூட்டரின் வேலை. அந்த முகவரி மாற்றம் பின்னறைக்கும் பொருந்துமாறு அமைக்க வேண்டும்.

சில ரூட்டர்களில் இவ்வாறு வரி சேர்க்க வசதியிராது. அப்போது புதிய ரூட்டரையே முகவரி மாற்றச் சொல்லலாம். பின்னறைப் பொதிகளெல்லாம் 192.168.1.2 என்ற முன்னறை முகவரியோடு புறப்படும். பதிலும் தடையின்றித் திரும்பும். ஆனால் முன்னறையிலிருப்பவர் பின்னறை அச்சுப்பொறியைத் தாமாக அழைக்க முடியாது.

கோளாறு எங்கே என்று அறியப் 'பிங்' என்னும் கட்டளை உதவும். பின்னறையிலிருந்து முதலில் 192.168.2.1, பிறகு 192.168.1.2, கடைசியாக 192.168.1.1 என ஒவ்வொன்றாக அழைத்துப் பாருங்கள். முதல் இரண்டும் பதில் தந்து மூன்றாவது மௌனம் சாதித்தால், புதுக் கருவியைக் குறை சொல்லித் திருப்பிக் கொடுத்துவிடாதீர்கள். திரும்பும் வழி பழைய ரூட்டருக்குத் தெரியுமா என்பதை முதலில் பாருங்கள்.