உங்களுக்குத் தெரியுமா? காம்பே முள்ளாகும் செடி!

அமெரிக்காவின் தென்மேற்கிலும் மெக்சிகோவின் வடக்கிலும் உள்ள பாலைநிலத்துக்கே உரிய முட்புதர் ஒகோட்டியோ. வறட்சியில் பார்த்தால் பட்டுப்போன குச்சிக்கட்டு என்றே தோன்றும். ஒரு நல்ல மழை பெய்யட்டும், சில நாட்களில் தண்டு முழுக்கப் பச்சை இலை! மண் காய்ந்ததும் உதிர்த்துவிடும். ஆண்டில் பலமுறை இப்படி.

புதுக்கிளையின் முதல் இலைகள் உதிரும்போது, காம்பின் ஒரு பகுதி மட்டும் தண்டிலேயே தங்கி, இறுகி முள்ளாகிறது. பிறகு வரும் இலைக்கொத்துகள் அந்த முள்ளின் அடியிலிருந்துதான் துளிர்க்கும். எத்தனை அழகான ஏற்பாடு!

தோட்டத்தில் வைக்க முழு வெயிலும் நீர் தேங்காத சரளை மண்ணும் வேண்டும். தண்ணீர் மிஞ்சினால் வேர் அழுகும். வெட்டிய தண்டுகளை நெருக்கமாக நட்டால் வேர்பிடித்து உயிர்வேலியாகும். வசந்தத்தில் அதன் செம்பூக்களைத் தேடி ரீங்காரச்சிட்டுகள் வரும். அரிசோனாவில் அனுமதியின்றிக் காட்டிலிருந்து இதைப் பெயர்த்தெடுப்பது குற்றம்.