பெரிய திரை போன் வாங்கப் போகிறீர்களா? ஒரு ஸ்கேல் எடுத்துச் செல்லுங்கள்!

மயிலாப்பூரில் எங்கள் குடியிருப்பின் கீழ் வீட்டில் இருப்பவர் வங்கியில் பணியாற்றி ஓய்வு பெற்றவர். நாங்கள் எல்லாரும் அவரை மாமா என்றுதான் அழைப்போம். 2025 மார்ச்சில் ஒருநாள் மாலை தன் போனை எடுத்துக்கொண்டு மாடிக்கு வந்தார். அது 5.5 அங்குலத் திரை கொண்ட பழைய போன். அமெரிக்காவில் இருக்கும் மகள் எப்போதோ வாங்கி வந்தது. சில மாதங்களுக்கு முன் மாமாவுக்குக் கண்புரை அறுவைச் சிகிச்சை ஆகியிருந்தது.

"எழுத்து சரியாகத் தெரியவில்லையப்பா. இருப்பதிலேயே பெரிய திரையாக ஒன்று வாங்கிவிடலாம் என்று பார்க்கிறேன். டெபாசிட் ஒன்று முடிந்து ஒன்றரை லட்சம் வந்திருக்கிறது. எது பெரிசு என்று நீதான் சொல்ல வேண்டும்" என்றார்.

எது பெரியது என்பது எளிதான கேள்வி போலத் தோன்றும். 5.5 அங்குலத்தைவிட 6.7 பெரியது, 6.7ஐவிட 6.9 பெரியது, அவ்வளவுதானே? புதிதாகக் கம்ப்யூட்டரும் போனும் வாங்கும் பலரும் இந்த இடத்தில்தான் ஏமாறுகிறார்கள். இதனை முதலில் பார்த்துவிடுவோம்.

அங்குலம் எதனைக் குறிக்கிறது?

பெட்டியில் அச்சிட்டிருக்கும் அங்குலம் திரையின் அகலம் அல்ல, உயரமும் அல்ல. ஒரு மூலையிலிருந்து எதிர் மூலை வரை குறுக்காக அளந்த தூரம். திரை ஒல்லியாகி உயரமாக வளர்ந்தாலும் இந்தக் குறுக்களவு கூடிக்கொண்டே போகும். 2011இல் சாம்சங் கேலக்ஸி நோட் 5.3 அங்குலத் திரையுடன் வந்தபோது, காதில் தட்டை வைத்துப் பேசுவது போல் இருக்கிறது என்று கேலி செய்தவர்கள் உண்டு. அந்தக் காலத்துப் பெரிய போன்களின் திரைகள் பெரும்பாலும் 16:9 அல்லது அதற்கு நெருக்கமான விகிதத்தில் இருந்தன. இன்றைய போன்கள் 19.5:9, 20:9 என்று ஒல்லியாக நீண்டுவிட்டன.

அகலத்தைக் கண்டுபிடிக்க உங்கள் கம்ப்யூட்டரில் கால்குலேட்டரைத் திறந்துகொள்ளுங்கள். அங்குல அளவை 2.54ஆல் பெருக்கவும். கிடைக்கும் எண்ணை, திரை 16:9 எனில் 0.49ஆலும், 19.5:9 எனில் 0.419ஆலும், 20:9 எனில் 0.41ஆலும் பெருக்கவும். விடை, திரையின் அகலம் சென்டிமீட்டரில்.

மாமாவின் பழைய 5.5 அங்குல போன் 16:9 வகை. அதன் அகலம் 6.85 செ.மீ. புதிய 6.7 அங்குல போன் 20:9 எனில் அகலம் 6.98 செ.மீ. வித்தியாசம் ஒரு மில்லிமீட்டருக்குச் சற்றுக் கூட! ஒன்றேகால் அங்குலம் பெரிய போன் வாங்கிவிட்டோம் என்று நினைப்போம். வளர்ந்ததெல்லாம் உயரம்தான்.

கம்ப்யூட்டர் மானிட்டரிலும் இதே கதைதான். பழைய 17 அங்குலச் சதுர எல்சிடி மானிட்டரைக் கொடுத்துவிட்டு 18.5 அங்குல அகல மானிட்டர் வாங்கியவர்கள், வேர்டில் ஒரு பக்கம் முன்பு போல் முழுதாகத் தெரியவில்லையே என்று திகைத்ததுண்டு. காரணம், 18.5 அங்குல மானிட்டரின் உயரம் பழையதைவிட ஒன்றரை அங்குலம் குறைவு.

தமிழ் படிப்பவருக்கு அகலம் ஏன் முக்கியம்?

படம் பார்ப்பவர்கள் போனைப் படுக்கவைத்துப் பார்ப்பார்கள். அவர்களுக்கு உயரம் பயன்படும். செய்தித்தாள், வாட்ஸ்அப், வங்கி ஆப் ஆகியவற்றைப் படிப்பவர்கள் போனை நிமிர்த்திப் பிடித்துத்தான் படிப்பார்கள். ஒரு வரியில் எத்தனை எழுத்து அடங்கும் என்பதை அகலம்தான் முடிவு செய்கிறது. தமிழில் சொற்கள் நீளமானவை. 'எடுத்துக்கொண்டிருக்கிறார்கள்' என்ற ஒரே சொல், எழுத்தைப் பெரிதாக்கியவுடன் ஒரு முழு வரியை எடுத்துக்கொள்ளும். ஆப்களில் பட்டன் மேல் உள்ள தமிழ்ச் சொற்கள் பாதியில் வெட்டுப்பட்டு மூன்று புள்ளிகளுடன் நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். அகலத்தில் ஐந்து மில்லிமீட்டர் கிடைத்தாலும் இங்கே பெரிய உதவி.

மறுநாள் சனிக்கிழமை. மாமா சட்டைப் பையில் ஒரு ஆறு அங்குல ஸ்கேலைச் செருகிக்கொண்டார். தியாகராய நகரில் பாண்டி பஜாரில் இறங்கி நடந்தோம்.

கடையில் ஒரு மணி நேரம்

மூன்று போன்களை எடுத்துப் பார்த்தோம். சாம்சங் கேலக்ஸி எஸ்25 அல்ட்ரா, ஐபோன் 16 ப்ரோ மேக்ஸ், ஒன்பிளஸ் 13. முதல் இரண்டும் 6.9 அங்குலம், அகலம் இரண்டிலும் ஏறத்தாழ 7.3 செ.மீ. மூன்றாவது 6.82 அங்குலம், அகலம் ஏறத்தாழ 7.2. மாமா ஸ்கேலை வைத்து அளந்தபோது கடைப் பையன் சிரித்தான். "சார், இதுவரைக்கும் யாரும் இப்படி அளந்து பார்த்ததில்லை" என்றான். பிறகு அவனே இன்னொரு போனை எடுத்து வந்து அளக்கக் கொடுத்தான்.

அறிமுகமானபோது இந்தியாவில் இவற்றின் 256 ஜிபி மாடல் விலை: எஸ்25 அல்ட்ரா 1,29,999 ரூபாய், ஐபோன் 16 ப்ரோ மேக்ஸ் 1,44,900 ரூபாய், ஒன்பிளஸ் 13 69,999 ரூபாய். (2025 செப்டம்பரில் ஐபோன் 17 ப்ரோ மேக்ஸ் வந்தது, அதுவும் 6.9 அங்குலம்தான். புதிய மாடல் வரும்போது பழையதன் விலை இறங்கும். நீங்கள் வாங்கும் நாளில் விலையைப் பார்த்துக்கொள்ளவும்.)

கடையில் நீங்கள் கட்டாயம் செய்ய வேண்டியவை சில. காட்சிக்கு வைத்திருக்கும் போனில் மீன்களும் பூக்களும் ஓடிக்கொண்டிருக்கும். அதைப் பார்த்து மயங்க வேண்டாம். அதனை நிறுத்தச் சொல்லி, பிரவுசரில் நீங்கள் தினமும் படிக்கும் தமிழ் நாளிதழின் இணையதளத்தைத் திறக்கவும். பின்னர் எழுத்தைப் பெரிதாக்கவும். ஆண்ட்ராய்டு போனில் செட்டிங்ஸ் சென்று டிஸ்ப்ளே பிரிவில் பான்ட் சைஸ் பகுதி இருக்கும். ஐபோனில் செட்டிங்ஸ், அக்சஸிபிலிட்டி, டிஸ்ப்ளே அண்ட் டெக்ஸ்ட் சைஸ், லார்ஜர் டெக்ஸ்ட் என்று செல்ல வேண்டும். உங்கள் கண்ணுக்கு வசதியான அளவு கிடைத்ததும், ஒரு வரியில் எத்தனை சொற்கள் வருகின்றன என்று எண்ணிப் பார்க்கவும். மாமாவுக்கு வசதியான அளவில் மூன்று போன்களிலும் வரிக்கு மூன்று, நான்கு சொற்கள் வந்தன. ஒன்பிளஸுக்கும் மற்ற இரண்டுக்கும் கண்ணால் வித்தியாசம் கண்டுபிடிக்க முடியவில்லை.

அடுத்து, தமிழில் இரண்டு வரி டைப் செய்து பார்க்கவும். ஐபோனில் 2013இல் வந்த ஐஓஎஸ் 7 முதல் அஞ்சல், தமிழ்99 ஆகிய இரு விசைப்பலகைகளும் உள்ளேயே இருக்கின்றன. ஆண்ட்ராய்டில் ஜிபோர்டு அல்லது செல்லினம் பயன்படுத்தலாம். விரல் தடித்தவர்களுக்கு இங்கும் அகலம்தான் கைகொடுக்கும்.

எடையைப் பலரும் மறந்துவிடுகிறார்கள். எஸ்25 அல்ட்ரா 218 கிராம், ஐபோன் 16 ப்ரோ மேக்ஸ் 227 கிராம், ஒன்பிளஸ் 13 சுமார் 210 கிராம். இதன் மேல் ஒரு கவரும் கண்ணாடித் தகடும் சேரும். கடையில் ஒரு நிமிடம் பிடித்தால் ஒன்றும் தெரியாது. நின்றபடியே ஐந்து நிமிடம் ஒரு கையில் பிடித்துப் படிக்கவும். கட்டைவிரல் திரையின் மேல் மூலையை எட்டுகிறதா என்றும் பார்க்கவும். மாமா படுத்துக்கொண்டு படிப்பவர். கடையில் படுக்க முடியாது என்பதால் நாற்காலியில் சாய்ந்து முகத்துக்கு மேலே பிடித்துப் பார்த்தார். மூன்றுமே கனம்தான் என்று தீர்ப்பு வந்தது.

முடிந்தால் போனைக் கடை வாசல் வரை கொண்டுசெல்ல அனுமதி கேளுங்கள். கடையின் குளிர்ந்த வெளிச்சத்தில் எல்லாத் திரையும் அழகுதான். நம் ஊர் மதிய வெயிலில் பஸ் நம்பரும் ஆட்டோ ஆப்பும் தெரிய வேண்டும். வெயில் என்றதும் இன்னொன்று. தன் போன்களை 0 முதல் 35 டிகிரி வரையான வெப்பத்தில் பயன்படுத்தச் சொல்கிறது ஆப்பிள். சென்னையில் மே மாதம் 40ஐத் தாண்டும். சூடு ஏறினால் எந்த போனும் திரை வெளிச்சத்தைத் தானாகக் குறைக்கும். சார்ஜ் ஏறுவதையும் நிறுத்தலாம். அது பழுதல்ல. நிழலில் வைத்தால் சரியாகிவிடும். ஐபி68 என்று போட்டிருப்பது நல்ல தண்ணீரில் செய்த சோதனை. பெசன்ட் நகர் கடலில் நனைத்துப் பார்க்க வேண்டாம்.

எத்தனை ஆண்டு வரும்?

விண்டோஸ் 10க்கான ஆதரவை மைக்ரோசாப்ட் 2025 அக்டோபர் 14 அன்று நிறுத்தியது. நன்றாக ஓடிக்கொண்டிருந்த பல கம்ப்யூட்டர்களுக்கு அன்றோடு வழக்கமான பாதுகாப்பு அப்டேட்டுகள் நின்றன. போனுக்கும் இப்படி ஒரு கடைசி நாள் உண்டு. அதற்குப் பிறகும் போன் வேலை செய்யும். ஆனால் பென்ஷன் வரும் வங்கிக் கணக்கை அதில் வைத்துக்கொள்வது ஆபத்து. மாமாவின் பழைய போனில் எழுத்து சிறியது என்பதைவிட எனக்குக் கவலையாக இருந்தது இதுதான். அதற்கு அப்டேட் நின்று வெகு நாட்களாகிவிட்டன.

சாம்சங் 2024இல் வந்த எஸ்24 வரிசையிலிருந்து ஏழு ஆண்டுகள் அப்டேட் தருவதாக அறிவித்தது. ஒன்பிளஸ் 13க்கு நான்கு ஆண்ட்ராய்டு பதிப்புகளும் ஆறு ஆண்டுப் பாதுகாப்பு அப்டேட்டும். ஆப்பிளைப் பொறுத்தவரை, 2018இல் வந்த ஐபோன் எக்ஸ்எஸ் மாடலுக்கு 2024இல் வந்த ஐஓஎஸ் 18 வரை கிடைத்தது. விலையை ஆண்டுகளால் வகுத்துப் பார்த்தோம். எஸ்25 அல்ட்ரா ஆண்டுக்கு சுமார் 18,600 ரூபாய். ஒன்பிளஸ் 13 சுமார் 11,700 ரூபாய். இடையில் ஒரு முறையாவது பேட்டரி மாற்ற வேண்டி வரும். ஆகவே வாங்கும் முன்பே அங்கீகரிக்கப்பட்ட சர்வீஸ் சென்டரில் பேட்டரிக்கும் திரைக்கும் என்ன விலை என்று கேட்டுக்கொள்ளவும். உங்கள் வீட்டிலிருந்து அந்த சென்டர் எவ்வளவு தூரம் என்பதையும் பார்க்கவும்.

மகள் வாங்கி வந்தால்?

மாமாவின் மகள் அமெரிக்காவிலிருந்தே ஐபோன் வாங்கி வருவதாகச் சொல்லியிருந்தார். மயிலாப்பூர், அடையாறு பக்கம் பல வீடுகளில் இது வழக்கம். ஒன்றை நினைவில் வைக்கவும். 2022இல் வந்த ஐபோன் 14 முதல் அமெரிக்காவில் விற்கும் ஐபோன்களில் சிம் கார்டு போடும் இடமே கிடையாது. இ-சிம் மட்டும்தான். உங்கள் நிறுவனம் உங்கள் எண்ணை இ-சிம்மாக மாற்றித் தருமா என்று முதலில் கேட்டுவிட்டு, பிறகு வாங்கச் சொல்லவும். மாமாவுக்கு அவசரம் என்றால் சிம்மைக் கழற்றி வேறு போனில் போட்டுத்தான் பழக்கம். அதனால் இந்த யோசனை அன்றே கைவிடப்பட்டது.

பில் போடும் முன்

வட்டியில்லாத் தவணை என்று கடையில் சொல்வார்கள். வட்டியே இல்லாத கடன் என்று ஒன்று இல்லை என 2013இலேயே ரிசர்வ் வங்கி சொல்லிவிட்டது. பெரும்பாலும் நடப்பது இதுதான்: வங்கி வட்டி போடும்; அந்த வட்டிக்கு ஈடான தொகையைக் கடை தள்ளுபடியாகக் கழிக்கும். ஆனால் வட்டி மீதான 18 சதவீத ஜிஎஸ்டியும் பிராசசிங் கட்டணமும் உங்கள் தலையில் விழும். முழுப் பணமும் கையில் இருந்தால், உடனே கொடுத்தால் என்ன குறைப்பீர்கள் என்று கேட்கவும்.

சார்ஜரையும் கேட்கவும். ஆப்பிள் 2020 முதலும் சாம்சங் தன் எஸ் வரிசையில் 2021 முதலும் பெட்டியில் சார்ஜர் வைப்பதில்லை. மெமரி கார்டு போடும் வசதியும் நாங்கள் பார்த்த மூன்றிலும் இல்லை. படங்கள் நிறைய எடுப்பவர்கள் அவ்வப்போது கம்ப்யூட்டருக்கு மாற்றிக்கொள்ள வேண்டும்.

நானாக இருந்தால் எஸ்25 அல்ட்ராவைத்தான் எடுத்திருப்பேன். அதிலுள்ள பேனாவும், மானிட்டருடன் இணைத்துக் கம்ப்யூட்டர் போல் பயன்படுத்தும் டெக்ஸ் வசதியும் எனக்குப் பிடிக்கும். மாமா அப்படி நினைக்கவில்லை. "ஒன்றரை மில்லிமீட்டருக்கு அறுபதாயிரமா?" என்று கேட்டுவிட்டு ஒன்பிளஸ் 13ஐ எடுத்தார். மீதிப் பணம் மறுபடி டெபாசிட்டுக்குப் போயிற்று.

பணம் கட்டும் முன் போனில் *#06# அழுத்தி, வரும் 15 இலக்க ஐஎம்இஐ எண் பெட்டியிலும் பில்லிலும் அதேபோல் இருக்கிறதா என்று மாமா ஒவ்வொரு எண்ணாகச் சரிபார்த்தார். வங்கிக்காரர் அல்லவா! பின்னர் கே, ஒய், எம் என்ற மூன்று ஆங்கில எழுத்துகளை டைப் செய்து, ஒரு இடைவெளி விட்டு, அந்த எண்ணையும் சேர்த்து 14422க்கு எஸ்எம்எஸ் அனுப்பினோம். போனின் நிறுவனம், மாடல் பெயருடன் பதில் வந்தது. தவறான மாடல் பெயர் வந்தாலோ, முடக்கப்பட்ட எண் என்று வந்தாலோ அந்த போனை வாங்க வேண்டாம்.

வீட்டுக்கு வந்ததும் முதல் வேலையாக எழுத்தைப் பெரிதாக்கி, பழைய போனை அருகில் வைத்து, ஸ்கேலை எடுத்து இன்னொரு முறை அளந்தார். மூன்று மில்லிமீட்டர். போதும் என்றார்.