148 நாள் வேலைநிறுத்தம்

கணினிக்கு இப்போது எழுதத் தெரியும். கேட்டால் கதை சொல்லும். கடிதம் எழுதும். படமும் வரையும். இதற்குச் செயற்கை நுண்ணறிவு என்று பெயர்.

இந்தத் திறமை கணினிக்கு எப்படி வந்தது? மனிதர்கள் எழுதிய கோடிக்கணக்கான பக்கங்களை அதற்குள் செலுத்தினார்கள். எந்தச் சொல்லுக்குப் பின் எந்தச் சொல் வரும் என்று அது பழகிக்கொண்டது. மனித உழைப்பிலிருந்து பிறந்த திறமை அது.

அமெரிக்காவில் ஹாலிவுட் என்ற இடம் இருக்கிறது. சினிமாத் தொழிலுக்குப் பேர்போன இடம். அங்கே கதை வசனம் எழுதுபவர்களுக்கு ஒரு சங்கம் உண்டு. 2023-ஆம் ஆண்டு அவர்களுக்கு ஒரு பயம் வந்தது. கணினி கதை எழுதிவிடும். அதைத் திருத்தும் வேலை மட்டுமே தங்களுக்குக் கிடைக்கும். கூலியும் குறையும் என்று பயந்தார்கள்.

மே 2-ஆம் தேதி வேலைநிறுத்தம் தொடங்கியது. சுமார் 11,500 பேர் எழுதுவதை நிறுத்தினார்கள். கூலி உயர்வும் கேட்டார்கள். ஜூலை 14-ஆம் தேதி நடிகர்களும் வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள். படப்பிடிப்புகள் நின்றன. தச்சர், ஓட்டுநர், தையல்காரர் எனப் பலருக்கும் வேலை இல்லை. பல குடும்பங்கள் கஷ்டப்பட்டன.

எழுத்தாளர்களின் வேலைநிறுத்தம் 148 நாள் நடந்தது. கடைசியில் ஒப்பந்தம் ஏற்பட்டது. அதில் உள்ளவை:

1. கணினி எழுதியதைக் காட்டி எழுத்தாளரின் கூலியைக் குறைக்கக் கூடாது.
2. கணினி எழுதியதை எழுத்தாளரிடம் கொடுத்தால், அதை மறைக்கக் கூடாது.
3. கணினியைக் கொண்டு எழுதும்படி யாரையும் கட்டாயப்படுத்தக் கூடாது.

எல்லாமே தீர்ந்துவிடவில்லை. எழுத்தாளர்களின் பழைய கதைகளைக் கொண்டு கணினியைப் பழக்கலாமா? இந்தக் கேள்வி அப்படியே நின்றது.

நம் நாட்டிலும் இதுபோல் நடந்தது உண்டு. வங்கிகளில் கணினி வந்தபோது, வேலை போய்விடும் என்று ஊழியர்கள் அஞ்சினார்கள். 1983-இல் ஊழியர் சங்கங்கள் வங்கி நிர்வாகங்களோடு பேசி ஒப்பந்தம் செய்துகொண்டன.

இரண்டு இடத்திலும் தொழிலாளர்கள் இயந்திரத்தை உடைக்கவில்லை. அதை எப்படிப் பயன்படுத்துவது என்று கூடிப் பேசினார்கள். பேசியதை எழுத்தில் வாங்கினார்கள்.

வேலை செய்யும் இடத்துக்குப் புதிய இயந்திரம் வருகிறதா? அது யாருடைய வேலையைச் செய்யும்? அவருக்கு என்ன மாற்று வேலை? கூலி குறையுமா? இவற்றை முன்கூட்டியே கேட்க வேண்டும். தனியே கேட்பதைவிடச் சேர்ந்து கேட்பது நல்லது. பதிலை எழுதி வாங்க வேண்டும். கையெழுத்துப் போடும் முன் ஒவ்வொரு வரியையும் படித்துப் பார்க்க வேண்டும்.